முன்வாசல் வழியாக

வல்தோமிரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். டாக்டர் வந்து சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழு மணிக்கு ஜுரேமா பழக்கத்தில் இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றினாள். ஒன்றைத் தொட்டியில் கொட்டினாள். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த கணவர். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை, உடம்பு மரத்துக் கிடந்தது.

சவ வண்டிக்காரர்கள் இருவர் அவரைத் துணியில் சுற்றி ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டினார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவி மர்லீசி துக்கம் விசாரிக்க வந்திருந்தாள். கையில் சாவிக்கொத்து இருந்தது.

"சர்வீஸ் லிஃப்டத் திறந்து வச்சிருக்கேன் ஜுரேமாம்மா. சத்தமில்லாம இறக்கிடலாம்."

ஜுரேமா தலையாட்டினாள். மெயின் லிஃப்ட் வீட்டுக்காரர்களுக்கு. சர்வீஸ் லிஃப்ட் வேலைக்காரிகளுக்கு, குப்பைக்கு, நாய்க்கு, நீச்சல்குளத்திலிருந்து சொட்டச் சொட்ட வருகிறவர்களுக்கு. பிணமும் அந்தப் பட்டியலில்தான் என்று எந்தப் புண்ணியவான் எழுதினானோ! அந்த லிஃப்ட் போய் நிற்பது பின்வாசலில்.

சாவோ பாவ்லோ புறநகரில் பழைய நூற்பாலையை இடித்து இந்தப் பதினெட்டு மாடியை எழுப்பியவர்கள், புகைபோக்கியையும் பின்பக்க இரும்புக் கேட்டையும் மட்டும் விட்டுவைத்தார்கள். புகைபோக்கிக்கு நீல விளக்கு. கேட்டுக்கு 'தொழிலாளர்களின் வரலாற்று வாசல்' என்று பித்தளைப் பலகை. விருந்தாளிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பதினாலு வயதில் வல்தோமிரு தினமும் சாயங்காலம் அதே கேட்டில் நின்று, நூல்கண்டு திருடவில்லை என்று சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். காவலாளி இளித்துக்கொண்டே இடுப்பைத் தடவிப் பார்ப்பானாம்.

பிற்பாடு டயர் கடை வைத்து முன்னுக்கு வந்து, இங்கே வீடு வாங்கியதே முன்வாசலில் நடக்கத்தான். ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கேட்டை மிதிக்கவில்லை. ஈரத்தோடு மெயின் லிஃப்டில் ஏறி மூன்று தடவை அபராதம் கட்டிய வீம்புக்காரர். தினமும் காலையில் முன்வாசல் காவல்காரன் ஜெனிவாலைச் சீண்டுவார்: "என்னப்பா, சட்டையத் தூக்கிக் காட்டணுமா?"

"வேணாங்கய்யா, போங்க" என்று அவன் சிரிப்பான்.

ஸ்ட்ரெச்சர் சர்வீஸ் லிஃப்ட் பக்கம் திரும்பியது.

"அந்தப் பக்கம் வேணாம்" என்றாள் ஜுரேமா. வேறு யாரோ பேசுவதுபோல் அவளுக்கே கேட்டது.

"விதி இருக்கேம்மா" என்றாள் மர்லீசி. "பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கெளம்புற நேரம் வேற."

"மூணு அபராதம் கட்டினாரு. நாலாவதையும் அனுப்புங்க."

வண்டிக்காரர்களில் மூத்தவர் மெயின் லிஃப்டை எட்டிப் பார்த்தார். "படுக்க வச்சா நுழையாதும்மா. நிமிர்த்தி நிக்க வச்சாத்தான் முடியும்."

"நிக்கட்டும். அதுல என்னிக்கு அவரு படுத்துக்கிட்டுப் போனாரு?"

மர்லீசி சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பதினாலு மாடி இறங்கினார்கள். லிஃப்ட் கண்ணாடியில் அவர் காலரைச் சரிசெய்வது வழக்கம். ஜுரேமா கழுத்துப் பக்கம் துணியை நீவிவிட்டாள். அப்போதும் எதுவும் வரவில்லை.

கீழே ஜெனிவால் எழுந்து நின்றான். கண்ணாடிக் கதவு இரண்டையும் அகலத் திறந்தான். நின்றபடியே வெளியே போன அந்த உருவத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"காட்ட வேணாங்கய்யா. போங்க."

அப்போதுதான் ஜுரேமாவுக்கு அழுகை வந்தது.