படிக்கத் தனி மேசை உண்டா?

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. பள்ளியில் இலவச மாலை வகுப்பு, வசதியில்லாத பிள்ளைகளுக்கு மட்டும். வசதியை மேலிடம் ஒரே கேள்வியில் அளந்துவிட்டது: 'வீட்டில் படிக்கத் தனி மேசை உண்டா?' ஆம் என்றால் இடமில்லை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'வறுமையிலும் அந்தப் பெண்ணின் கண்கள் ஒளிர்ந்

(அடித்துவிட்டேன். அவள் கண்களில் தூக்கம்தான் இருக்கும்.)

2

அவள் அம்மா துணி தேய்த்துக் கொடுப்பவர். வீடு ஒரே அறை. அதில் பாதி இஸ்திரி மேசை. அம்மா தேய்த்து முடித்ததும், சூடு ஆறாத அந்த மேசையில் மகள் நின்றபடியே கணக்குப் போடுவாள். நாற்காலி போட இடமில்லை.

"உள்ளதை உள்ளபடி எழுதுங்க. பொய் எழுதினா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார் வகுப்பாசிரியர். அவள் 'ஆம்' என்று எழுதினாள். மருந்துக்கடைக்காரர் மகள் 'இல்லை' என்று எழுதினாள். மருந்துக்கடை வீட்டு மேசையில் அக்காவுக்கும் பங்கு உண்டாம். இரண்டுமே பொய்யில்லை.

(அடிக்குறிப்பு: படிவத்தின்படி இனி இவள் வசதியுள்ள பிள்ளை. மேசை இருந்தும் மதிப்பெண் குறைவு. குடும்ப நிலைக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று சாதிக்க நாளை எவராவது இவளைத்தான் சாட்சிக்கு இழுப்பார்.)

3

முதல் முடிவு: அவள் பள்ளியிலேயே முதலிடம் வருகிறாள். கதை படிப்பவர்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். வேண்டாம்.

நடந்தது இது. மாலை வகுப்புக்குத் தேர்வானவர்கள் பட்டியல் ஒட்டிய அன்று, அதில் தன் பெயரைக் காணாமல் அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"சார், மேசை இருக்குன்னு எழுதினது தப்பா?"

"தப்பில்லம்மா. ஆனா தனி மேசைன்னு..."

"நான் படிக்கிறப்ப அது எனக்கு மட்டும்தான் சார்."

'ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டு

போதும். ஆசிரியர், ஆசிரியர் என்று எழுதிக் கை கூசுகிறது. நான்தான் அது. அந்த மேசையை எனக்குத் தெரியும். என் சட்டைகள் அங்கேதான் தேய்க்கப்படுகின்றன. படிவத்தில் அவள் எழுதிய 'ஆம்' என்ற பதிலை அன்றே பார்த்தேன். விதி விதிதானே என்று மேலிடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

4

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் ஒரு கடிதம் எழுதினால் அவள் பெயரைச் சேர்க்கலாம். தெரிந்தே தவறாக அனுப்பியது நான் என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதாமல் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன், என் தனி மேசையில்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் மேசை இருக்குமே.