போனஸைக் கழித்த பிறகு

மதியச் சாப்பாட்டு நேரம் வந்ததும் மீனாம்பிகை குடையை எடுத்துக்கொண்டு தான் வேலை செய்யும் கல்விக் கந்தோரிலிருந்து இறங்கிவிடுவாள். மற்ற எழுதுவினைஞர்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் நேரத்தில் அவள் மாத்தளை நகரத்துத் திருகோணமலை வீதியில், போனும் இணையமும் உள்ள மக்கீன் நானாவின் கொமியூனிகேஷன் கடையில், கம்பியூட்டருக்கு முன்னால் இருப்பாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. லண்டனில் இருக்கும் இராசலிங்கத்துக்கு நிச்சயம் பண்ணி மூன்று வருடமாகிவிட்டது.

இரண்டு பேரும் என்ன செய்தார்கள் என்றால், பிள்ளைகளே, இணையத்தில் பந்து விளையாடினார்கள். கால் நோகாத விளையாட்டு அது. இங்கிலாந்தில் உண்மையாக ஆடுகிறவர்களிலிருந்து ஆளுக்கொரு அணியைத் தெரிவுசெய்ய வேண்டும்; ஒரே ஆளை இரண்டு பேரும் எடுக்கலாம். அவர்கள் அங்கே கோல் அடித்தால், கோல் விடாமல் தடுத்தால், இங்கே புள்ளி விழும். கப்டனாக வைத்தவனுக்கு இரட்டிப்பு. ஆட்டம் முடிந்த பிறகு, நன்றாக ஆடிய மூன்று பேருக்கு மேலதிகமாக மூன்று, இரண்டு, ஒன்று என்று போனஸும் உண்டு.

இராசலிங்கம் கோல் அடிக்கிறவர்களாகவே சேர்த்தான். மீனாம்பிகை போனஸைப் பார்த்து ஆள் எடுத்தாள். கோல் அடிப்பவனை எல்லாருக்கும் தெரியும்; பந்தைப் பறித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பவனை யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்துப் புள்ளி போடுகிறாரே, அது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. அப்படி அவள் எடுத்தவன்தான் தடியன். உண்மைப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை.

போன ஓகஸ்டில் இராசலிங்கம் சொல்லியிருந்தான். "நீ வெண்டால் அடுத்த ஓகஸ்ட் நான் வாறன். முத்துமாரி அம்மன் கோயிலில தாலி. நான் வெண்டால் இன்னும் ஒரு வருசம் பொறுக்கோணும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மாசியில் தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஊரில் பொலிஸும் ஆமியும் தமிழ் ஆட்களை மறித்துச் சோதிப்பது கூடியது. போனில் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. தடியனுக்கு எத்தனை போனஸ் என்றுதான் பேசினார்கள்.

இப்படி 2008 மே வந்து, கடைசி வார ஆட்டமும் ஞாயிறு இரவோடு முடிந்துவிட்டது. திங்கள் மதியம் அவள் கடைக்குள் நுழைந்தபோது, மக்கீன் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்ட மூங்கில் சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ், ஒங்கட தடியன் நேத்தும் கோல் அடிக்கல்லயே. சும்மா சோறு போட்டு வளக்கிறீங்களா?"

"கோல் விடவும் இல்லை, நானா."

"கோல் விடாம நிக்கிறதுக்கு எங்கட கடைக் கதவு போதுமே!"

தடியனையே அவள் கப்டனாக்கியிருந்தாள். போன திங்கள் அதைக் கேட்டு இராசலிங்கம் விழுந்து விழுந்து சிரித்திருந்தான். "தடுப்புக்காரனை ஆராவது கப்டன் ஆக்குவினமோ, மீனா?"

இணைப்பு விட்டு விட்டு வந்தது. மொத்தப் புள்ளி மட்டும் திறந்தது. அவன் நான்கு புள்ளி மேலே. போனஸ் இன்னும் சேரவில்லை. தடியனுக்கு மூன்று கிடைத்தால், இரட்டித்து ஆறு. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டே கந்தோருக்குத் திரும்பினாள். என்ன நிறச் சேலை என்பது வரை யோசித்தாயிற்று.

மூன்று மணிக்குத் தேநீர் கொண்டுவரும் வேலம்மா அன்று கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மிஸ், எங்க அக்கா மவன் கட்டார்லருந்து லீவுல வந்தான்ல? அவன செக்கிங்ல புடிச்சிட்டு போயிட்டாங்க."

"எங்க வச்சு?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட. கார்டு, பாஸ்போட்டு எல்லாம் கையிலதான் இருந்திச்சு. எதுக்கு வந்த, யார பாக்க வந்தன்னு கேட்டாங்களாம். பொண்ணு பாக்க வந்தேன்னு சொல்லியிருக்கான். மூணு நாளாச்சு, எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல." வேலம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அக்கா சொல்லுது மிஸ், எம்புள்ள வராமயே இருந்திருக்கலாம்னு. நாலு வருசமா எப்ப வருவான் எப்ப வருவான்னு ரோட்ட பாத்துக்கிட்டு இருந்தவ அவ."

மீனாம்பிகை எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு மறுபடி கடை. போனஸ் சேர்ந்திருந்தது. தடியனுக்கு மூன்று. இராசலிங்கத்தின் கணக்கில் ஒன்றும் கூடவில்லை. அவள் பெயர் மேலே, இரண்டு புள்ளி கூட. ஒன்பது மாதம் இதற்குத்தான் காத்திருந்தாள். இப்போது அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, கண்ணாடி அடைத்த போன் கூட்டுக்குள் போய் நின்றாள்.

ஆறு மணிக்கு, வழக்கம்போலக் கடைப் போனுக்கு இராசலிங்கம் எடுத்தான்.

"வெண்டிட்டாயடி! லீவு கேட்டிட்டன். நாளைக்கு டிக்கெட் பாக்கிறன்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டே நின்றால் போதும் போலிருந்தது அவளுக்கு. போன் கூட்டின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நான் வெல்லேல்லை. நீங்கள்தான் வெண்டது."

"என்ன விசர்க் கதை? இரண்டு புள்ளி கூட நிக்கிறாய்."

"அது போனஸோட. எங்கட பேச்சில போனஸ் சேர்த்தி இல்லை. வருசம் முழுக்கக் கழிச்சுப் பாருங்கோ, நீங்கள் எங்கேயோ நிப்பியள்."

"நீ ஆள் எடுத்ததே போனஸைப் பாத்துத்தானே, மீனா!"

"அது என்ர ஆசைக்கு. பந்தயத்துக்கு இல்லை."

லண்டனில் ஏதோ வாகனம் போவது கேட்டது.

"அங்க ஏதும் நடந்ததோ?"

"ஒண்டும் இல்லை. நல்ல மழை." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வராதேங்கோப்பா. இந்த வருசம் வராதேங்கோ."

அவன் மூச்சு விடுவது தெரிந்தது. "அப்ப ஓகஸ்டில புதுசாத் தொடங்குவம்," என்றான். "அதில போனஸ் சேர்த்தியோ?"

"சேர்த்திதான்."

போனை வைத்துவிட்டுக் கூட்டிலிருந்து வெளியே வந்தவள், மக்கீனிடம் இன்னும் ஐந்து நிமிடம் கம்பியூட்டரைக் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இப்போது இணைப்பு ஒழுங்காக இருந்தது. மதியம் திறக்காத பக்கத்தைத் திறந்தாள். கடைசி வாரத்துக்கு அவன் எடுத்த ஆட்களின் பட்டியல். ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தாள். கடைசியில் தடியன்.

அவனும் தடியனை வாங்கியிருந்தான். வாங்கி, ஆட்டத்தில் இறக்காமல், புள்ளி சேராத வெளி வரிசையில் உட்கார வைத்திருந்தான். இறக்கியிருந்தால் போனஸோடு ஒன்பது புள்ளி. சுலபமாக வென்றிருப்பான். அவள் யாரைக் கப்டனாக்கினாள், எதை நம்பி ஆக்கினாள் என்று எல்லாம் தெரிந்துதான் அவன் அப்படிச் செய்திருக்கிறான்.

வரத்தான் தோற்றிருக்கிறான்.

"மிஸ், கடை சாத்தணும்," என்றார் மக்கீன், வெளியே மழையைப் பார்த்தபடி. பிறகு தானே, "பரவாயில்ல, இருங்க," என்று சொல்லிவிட்டு மூங்கிலைச் சீவப் போனார்.