மூணு மணி பஸ்ஸில் போன ஆவேசம்

எண்பத்து மூன்றில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பேப்பர் ஏஜெண்ட் பாலசுப்பிரமணியம்தான் நிருபரும். செய்திக் கவர் மூணு மணி பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். ஊரில் கூட்டமெல்லாம் நாலு மணிக்குமேல்தான். அதனாலென்ன, மனிதர் மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டு, நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்லிக்கொண்டே போவார். பி.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் அவர் கடையில் உட்கார்ந்திருந்த பாவாயி எழுதுவாள். பக்கத்து மலைக் கிராமமான தலைச்சோலையிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பொய்யைப் பிழையில்லாமல் எழுதத்தான் அந்தப் படிப்பு உதவியது.

யாருக்கு எந்த உணர்ச்சி என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது. கட்சிக்காரர் முழங்குவார். எஸ்டேட் முதலாளி உள்ளம் உருகுவார். போன வாரம் பூச்செடிக் கண்காட்சியில் அந்த ஆள் உருகியதைப் பாவாயி நேரில் பார்த்தாள், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கூலிக்காரர்களுக்கு உள்ளமே கிடையாது என்பதால் கூச்சல் மட்டும் போடுவார்கள்.

அந்த முதலாளிதான் தலைச்சோலைக்காரர்கள் காலங்காலமாக நடந்த குறுக்குப் பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டியவர். ஆஸ்பத்திரிக்கு இனி நாலு மைல் சுற்று. பாவாயியின் அண்ணி மாதம்மாளுக்கு நிறைமாசம். அம்மா ஆராயி ஏழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அன்று நாலு மணிக்குத் தாசில்தாரைப் பார்க்க வருவதாக இருந்தது.

இரண்டு மணிக்கே ஏஜெண்ட் ஆரம்பித்தார். "எழுது. ஆவேசம் கொண்ட மலைப் பெண்கள், வெறி பிடித்தவர்களைப் போல..."

பாவாயி பேனாவை மூடினாள். "ஏனுங்க, அவங்க இன்னும் ஊட்ட உட்டே கெளம்பலீங்க."

"வந்தா வேற என்ன கண்ணு பண்ணப் போறாங்க?"

நடந்தபிறகு எழுதித் தருகிறேன் என்றாள். நடந்தபிறகு பஸ் ஏது என்று அவரே கிறுக்கிக் கவரை ஒட்டினார்.

நாலு மணிக்கு ஆராயி தாசில்தார் மேசைமுன் நின்று, மருமகளுக்கு வலி கண்டால் எந்த வழியாகத் தூக்கி வருவது என்று கேட்டாள். அவ்வளவுதான். பக்கத்து மேசை குமாஸ்தாவுக்குக்கூடக் கேட்டிருக்காது. நாளைக்கே வந்து பார்க்கிறேன் என்று மனுவை வாங்கிக்கொண்ட தாசில்தார், ஆளுக்கொரு டீயும் சொன்னார்.

மறுநாள் பேப்பரில் வெறி, ஆவேசம், முற்றுகை எல்லாம் வரிசையாக வந்தன. சேலத்திலிருந்து பெரிய அதிகாரி போன் போட்டுவிட்டாராம். தாசில்தார் கிளம்பவில்லை. கலவரம் நடக்கும் இடத்துக்கு நான் எப்படி வருவது என்று, ஆபீசுக்குத் தேடிப்போன பாவாயியிடமே கேட்டார். நேற்று எதிரில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தானே என்றாள் அவள்.

"அது சரிம்மா. ஆனா பேப்பர்ல வந்துடுச்சே" என்றார், வெட்கமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினாள். ஆராயி கடைசி வரிவரைக்கும் கேட்டாள்.

"இத்தனையும் நானா பண்ணுனேன்?"

"அப்படித்தான் போட்டிருக்குது."

"பண்ணாமயே பேரு வாங்கியாச்சு. அந்தக் கடப்பாரைய எடு கண்ணு."

அன்று சாயங்காலம் எட்டுப் பெண்கள் கேட்டைக் கீலோடு நெம்பி எடுத்துப் புதரில் போட்டார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை; மூச்சு வாங்கிய சத்தம்தான். மாதம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக அந்தப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலையில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் புகாரோடு தாசில்தாரிடம் ஓடினார். தாசில்தார் அன்றைய பேப்பரை எடுத்து நீட்டினார். முந்தின நாள் மூணு மணி பஸ்ஸில் போன செய்தி: தாசில்தாரின் உருக்கமான பேச்சால் தலைச்சோலையில் அமைதி திரும்பியது. அதற்குப் பெரிய அதிகாரி போனிலேயே பாராட்டும் சொல்லியாகிவிட்டது. பாராட்டு வாங்கிய அமைதியை அவரே கெடுத்துக்கொள்வாரா? கேஸ் இல்லை. கேட் புதரிலேயே கிடந்தது.

நாலாம் நாள் பாவாயி கஞ்சித் தூக்கோடு பஸ் ஸ்டாண்டைக் கடந்தாள். மாதம்மாளுக்குப் பெண் குழந்தை. ஏஜெண்ட் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, அன்றைக்கு அங்கே நெசமாகவே என்னதான் நடந்தது கண்ணு என்று கேட்டார்.

"உங்க பேப்பர்லதான் வந்துடுச்சுங்களே" என்றாள். நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.