கேத வீட்டுக் கைகள்

புகைப்படத்தில் இருந்த கைகள் யாருடையவை என்று மாயக்காளுக்கு முதலில் பிடிபடவில்லை. கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டு, மகன் அருள்பாண்டி நீட்டிய போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்தது போல ஊதா ஊதாவாகக் கறைகள். நடுவில் கறுப்பு, விளிம்பில் மஞ்சள். பின்னால் தெரிந்த பச்சை பிளாஸ்டிக் கதவைப் பார்த்த பிறகுதான் அது தன் வீட்டுக் குளியலறைக் கதவு, அந்தக் கைகள் தன்னுடையவை என்று உறைத்தது. படத்துக்குக் கீழே அவள் மகள் ஒச்சம்மாள் எழுதியிருந்தாள்: 'எங்கம்மாவை மருமகள் வைத்திருக்கும் லட்சணம். சொந்தங்களே, நீங்களே பாருங்கள்.'

"இத எப்படா எடுத்தா?"

"வெள்ளிக்கிழமை அக்கா வந்துச்சுல்ல, அப்பத்தான். நீ குளிச்சிட்டு வெளிய வாரப்ப எடுத்திருக்கு. சொந்தக்காரங்க குரூப்புல அம்புட்டுப் பேரும் பாத்தாச்சு. எழுமலையிலருந்து சித்தப்பா வீட்டுக்காரங்க வேன் பிடிச்சு வாராகளாம்."

கீழே உறவுக்காரர்கள் வரிசை கட்டியிருந்தார்கள். அழும் முகம், கும்பிடும் கை, பல்லைக் கடிக்கும் சிவப்பு முகம். பெற்ற தாயை இந்தக் கதியில் விட்டவன் ஆம்பளையா என்று ஒருவர். மகளிர் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தால் மருமகளின் கை தன்னால் அடங்கும் என்று இன்னொருவர். வாசித்துக் காட்டிய அருள்பாண்டியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. இத்தனை பேரில் ஒருவருக்காவது, கைக்குச் சொந்தக்காரி உயிரோடுதானே இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை. மாயக்காளுக்குக் காது மடல் சுட்டது.

"நீ என்ன பதில் போட்ட?"

"நேர்ல வரட்டும், பேசிக்கிரலாம்னு..."

"ஊரே கூடி உன் பொண்டாட்டியக் கொலைகாரி கணக்கா எழுதுது. நீ நேர்ல பேசுறவன். நல்லாருக்குடா."

அவனியாபுரத்தில் புருஷன் விட்டுப்போன லேத் பட்டறையை, மகன் தலையெடுக்கும் வரை ஒற்றை ஆளாக நடத்தியவள் மாயக்காள். சூடு ஆறாத இரும்புச் சுருளை வெறுங்கையால் அள்ளி வாளியில் போட்டவள். அந்தக் கைகளில் தழும்பு விழுந்ததுண்டு, தோல் தோற்றதில்லை. இப்போது அது காய்ச்சின பாலின் மேல் படிகிற ஆடை மாதிரி ஆகிவிட்டது. கட்டில் விளிம்பு இடித்தால் கறை. குழாயைத் திறக்கையில் சுவர் உரசினால் கறை. பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டி மடியில் ஏறி இறங்கியதற்குக்கூடத் தொடையில் புள்ளி வைத்துவிட்டது. மூச்சு இழுப்புக்கு வருஷக்கணக்கில் விழுங்கிய மாத்திரை ஒரு பக்கம் தோலைத் தேய்த்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை மறுபக்கம். அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, தோலைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலி என்று பார்த்தால் அவ்வளவாக இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் வலித்துத் தொலைக்கிறது.

பத்திரமாகப் பார்த்துக்கொண்டது யார்? ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டும் என்கிறார்களே, அந்தப் பாண்டீஸ்வரிதான். மாமியாரும் மருமகளும் ஒன்றும் கொஞ்சிக் குலாவியவர்கள் இல்லை. சட்னியில் உப்பு ஏறியதற்கு முழுப்பகலும் சண்டை போடுவார்கள், தெருவுக்கே கேட்கும். எல்லாம் வாயோடு சரி. கட்டில் சட்டம் இடிக்காமல் இருக்க அதற்குப் பழைய போர்வையைச் சுற்றித் தைத்தவள் பாண்டீஸ்வரி. மாமியாரைக் குளிப்பாட்டும் முன் தன் வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைப்பாள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். எழுப்பும்போது ஒருநாளும் கையைப் பிடித்து இழுத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் தன் முழங்கையைக் கொடுத்து, "சாஞ்சுக்கங்கத்தே" என்பாள். களை பறிக்கிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்கிற மாதிரி, அருள்பாண்டியின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டதும் அவள்தான். லேத்துக்காரம்மாவுக்கு யூனிபாரம் என்று கேலி வேறு.

அந்தச் சட்டையைத்தான் மாயக்காள் எழுமலையில் கழற்றினாள்.

போன வாரம் கொழுந்தன் சங்கிலி இறந்துபோனார். கேத வீட்டுக்குள் ஆம்பளைச் சட்டையோடு நுழைவதா என்று, தெருமுனையிலேயே கழற்றிப் பைக்குள் சுருட்டிவிட்டாள். "போட்டுக்கிட்டே இருங்கத்தே, யாரு என்ன சொல்லப் போறா" என்று பாண்டீஸ்வரி காலையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்கவில்லை. மூத்த மதினி என்று மாயக்காளைப் பிணத்தின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். வருகிற பெண்கள் எல்லாம் நேரே வந்து அவளுடைய இரண்டு முன்கைகளையும் கெட்டியாகப் பிடித்து, தலையோடு தலை முட்டி, ஆடி ஆடி அழுதார்கள். கேத வீட்டில் நீட்டுகிற கையை உதறவோ உருவவோ கூடாது. உருவினால் உறவே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். அது தலைமுறைக்கும் நின்று பேசும். ஆகவே அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எல்லாரிலும் இறுகப் பிடித்தவள் ஒச்சம்மாள். சித்தப்பாவைப் பறிகொடுத்த துக்கம். விரல் பத்தும் தாயின் கையில் புதைந்தது. மறுநாள் விடிந்தபோது மாயக்காளின் கைகள் நாவல்பழம் ஆகியிருந்தன. பாண்டீஸ்வரி ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே, "அந்தச் சட்டையப் போட்டுத் தொலைச்சா என்ன குடிமுழுகிப் போகும்" என்று திட்டினாள். அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

மாயக்காள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பாண்டீஸ்வரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"காலையில தண்ணி ஊத்த வரலையேத்தா?"

"இனிமே வர மாட்டேன் அத்தே. உங்க மேல என் கை படாது."

"அவளுக கெடக்காளுக..."

"எங்கப்பா போன் பண்ணுனாரு. நீ அடிச்சியாம்மான்னு கேட்டாக்கூட மனசு ஆறிரும். ஏம்மா அடிச்சன்னு கேக்குறாரு." கீரைக் காம்பை ஒடித்து ஓரமாகப் போட்டாள். "சோறு ஆக்கிப் போடுறேன். மத்ததுக்கு ஆள் வச்சுக்கங்க. இல்ல, அவுக கூடப் போறதுன்னாலும் போங்க. நாளைக்கு நீங்களே தடுக்கி விழுந்தாலும் எம்பேருதான் வரும். எனக்கு முடியாது."

மருமகள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்று மாயக்காளுக்குத் தெரியும். இந்த வீட்டில், இந்த ஊரில், தன்னைக் கறைபடாமல் தொடத் தெரிந்த ஒரே ஆள் அவள். அந்தக் கையைத்தான் ஒரு போட்டோ முறித்துப்போட்டிருக்கிறது. மாயக்காள் மெல்ல நடந்து ஹாலுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டு, இரண்டு கைகளும் வெளியே தெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள். வரட்டும்.

வேன் வீட்டு முன்னால், பட்டறையை ஒட்டி நின்றது. முதலில் இறங்கியது சங்கிலியின் மகன் விருமாண்டி. அப்பனுக்குக் கொள்ளி வைத்த மொட்டைத் தலையில் துண்டு போட்டிருந்தான். பின்னால் அவன் மனைவி, அதற்குப் பின்னால் முகம் வீங்கிய ஒச்சம்மாள். அருள்பாண்டி கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பை ஒருவரும் வாங்கவில்லை.

"தண்ணி குடிக்க வரல தம்பி" என்றான் விருமாண்டி. நாற்காலியை இழுத்து மாயக்காளுக்கு எதிரே போட்டுக்கொண்டான். "பெரியம்மா, நீங்க பயப்படாதீக. நாங்க இருக்கோம்."

"எனக்கு என்னடா பயம்? யாரும் என்னத் தொடல. யாரும் அடிக்கல."

விருமாண்டி மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "பாத்தீகளா. பயந்தவுக இப்படித்தான் சொல்லுவாக."

மாயக்காள் ஒரு கணம் திகைத்துப் போனாள். அடித்தாள் என்றால் அடித்தது நிஜம். அடிக்கவில்லை என்றாலும் அடித்தது நிஜம். இது என்ன நியாயம்? கோழி திருடினவனுக்குக்கூடத் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய் கொடுப்பார்கள். வயசாகிவிட்டால் வாயில் வருவதெல்லாம் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று ஆகிவிடுமா? கையை உயர்த்தி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாப் பாரு. இந்த வட்டம் உன் பொண்டாட்டி கட்டவிரலு. இந்த நாலும் ஒச்சு பிடிச்ச பிடி. கேதத்துல பிடிச்சு அழுதீகள்ல, அந்தத் தடம். என் தோலு அப்படி ஆகிப்போச்சு. டாக்டரே சொல்லியிருக்காரு."

மாயக்காள் எதிர்பார்த்தது போல யாரும் தலை குனியவில்லை. விருமாண்டியின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். விருமாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"எங்கப்பன் பொணத்துக்கு முன்னாடி அழுத கைய, அடிச்ச கைங்கிறீகளா பெரியம்மா?"

"அடிச்சீகன்னு நான் சொல்லலையேடா. பிடிச்சீக. பிடிச்சாலே கன்னிப்போகுது. அம்புட்டுத்தான்."

"நாங்களுந்தான் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சு அழுதோம்" என்று ஒச்சம்மாள் தன் கையை நீட்டிக் காட்டினாள். வளையல்கள் முழங்கை வரை ஓடின. "இந்தா பாரு, எங்கயாச்சும் கன்னியிருக்கா? அவ சொல்லிக் குடுத்ததச் சொல்றம்மா நீயி."

"எனக்குச் சொல்லிக் குடுக்க ஒருத்தி இனிமே பெறந்து வரணும்டி."

அருள்பாண்டி தொண்டையைச் செருமினான். "அண்ணே, மாத்திரையில ரத்தம் உறையாம இருக்குதாம். அதனாலதான்..."

"ஊர்ல மாத்திரை திங்கிற அம்புட்டுப் பேருக்கும் கை இப்படியா இருக்கு? டாக்டரு ஆயிரஞ் சொல்லுவாரு." விருமாண்டி எழுந்து துண்டை உதறினான். "பேச்சு வேணாம் தம்பி. பெரியம்மாவக் கூட்டிட்டுப் போறோம். நாலு நாள்ல கை சரியாயிருச்சுன்னா, யாரு செஞ்சதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும்."

அதுதான் மாயக்காளை உலுக்கியது. நாலு நாளில் கறை மங்கத்தான் செய்யும். எங்கே இருந்தாலும் மங்கும். ஆனால் எழுமலையில் இருந்து மங்கினால் பாண்டீஸ்வரி காலத்துக்கும் மாமியாரை அடித்தவள். இந்த வாசற்படியைத் தாண்டினால் முடிந்தது.

"நான் வரல."

"உன்ன யாரு கேட்டா" என்றாள் ஒச்சம்மாள். அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டுக் குனிந்தாள். "உன்ன இப்படிப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கலம்மா. எந்திரி. எங்கூட வா."

அடுப்படி வாசலில் இருந்து பாண்டீஸ்வரியின் குரல் வந்தது. "மதினி, கையப் பிடிச்சுத் தூக்காதீக."

"நீ பேசாத" என்று சொல்லிக்கொண்டே ஒச்சம்மாள் தாயின் முன்கையைப் பற்றி இழுத்தாள். மாயக்காள் நாற்காலியின் பிடியை விடவில்லை.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஈரச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் சுருள்வது போல, மணிக்கட்டுக்கு மேலே தோல் சுருண்டு ஒதுங்கியது. ஒரு நொடி அந்த இடம் வெளிறி நின்றது. பிறகு ரத்தம் பொட்டுப் பொட்டாக எழும்பி, ஒன்றுசேர்ந்து, நாற்காலியின் பிடியில் இறங்கி, ஒச்சம்மாளின் விரலிடுக்கில் வழிந்தது. அவள் கையைச் சுட்டது போல விட்டாள். விட்ட இடத்தில் நாலு விரல் தடங்களும் வெள்ளையாகத் தெரிந்தன, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தன.

"ஏற்கெனவே அந்த எடத்துல காயம் இருந்திருக்கும்" என்றான் விருமாண்டி.

அவன் மனைவிகூட அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒச்சு" என்றாள் மாயக்காள். "போன எடு. இதையும் ஒரு போட்டோ பிடி. யாரு செஞ்சான்னு நீயே எழுதிப் போடு. எழுதத் தெரியும்ல?"

ஒச்சம்மாள் ரத்தம் பட்ட விரல்களைச் சேலையில் துடைத்தாள். "நான் வேணும்னா செஞ்சேன்... லேசாத்தாம்மா பிடிச்சேன்..."

"அதத்தானடி நானும் அப்பயிருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அருள்பாண்டி பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காயத்தில் வைக்கப் போனான். "துண்டு வேணாம், ஒட்டிக்கிரும்" என்று அடுப்படிப் பக்கமிருந்து சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றான். எல்லாரும் பாண்டீஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாயக்காள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கண் கூப்பிட்டுவிடும். கூப்பிடத் தனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? இவ்வளவு பேச்சுக்குப் பிறகு, இத்தனை பேர் முன்னால், வந்து தொடு என்று எந்த வாயால் கேட்பது?

பாண்டீஸ்வரி உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம். திரும்பி வந்தபோது ஒரு கிண்ணத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும், வெளுத்த வேட்டித் துணியில் கிழித்த துண்டும் இருந்தன. மாமியாரின் அருகே வந்தாள். மாயக்காளின் மூச்சு ஒரு நிமிஷம் லேசானது. ஆனால் பாண்டீஸ்வரி குனியவில்லை. ஸ்டூலைக் காலால் நகர்த்தி ஒச்சம்மாளின் முன்னால் வைத்து, கிண்ணத்தை அதன் மேல் இறக்கினாள்.

"தொடைக்கக் கூடாது மதினி. ஒத்தணும். சுருண்ட தோலப் பிய்ச்சிறாம, மெதுவா அதும் எடத்துக்கே நகத்தி வைங்க. அப்புறம் துணிய மேல வச்சுச் சும்மா பிடிச்சிருங்க. அழுத்த வேணாம்."

"நீயே செய்யி பாண்டீஸ்வரி" என்றாள் ஒச்சம்மாள். மிகவும் சின்னக் குரல்.

பாண்டீஸ்வரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோரம் போய் நின்றாள்.

ஒச்சம்மாள் தாயின் காலடியில் உட்கார்ந்தாள். வளையல் இடிக்குமே என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள். ஒன்று உருண்டுபோய் விருமாண்டியின் காலில் முட்டி விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. துணியை நனைத்துப் பிழிந்தாள். எங்கே தொட்டால் கறை படாது என்று தெரியாமல், மேலிருந்து கீழ்வரை அந்தக் கையையே பார்த்தாள். ஊதா, கறுப்பு, மஞ்சள், நடுவே புதிதாக விழுந்த சிவப்பு. அவள் விரல்களில் துணி காயத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் ஸ்டூலில் சொட்டிக்கொண்டிருந்தது. கை இன்னும் இறங்கவில்லை.