மணப்பெண் கூடத்துக்குப் போன ஏசி

சாந்தோம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஈவ்லின் படியிறங்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. தி. நகர் கடையின் சர்வர் அறையில் சூடு ஏறுகிறது என்று சர்வரே அனுப்பிய எச்சரிக்கை.

ஈவ்லின் அந்த ஜவுளிக்கடையின் சிஸ்டம் அட்மின். ஐந்து மாடிக்கும் ஓடுகிற பில்லிங், கிளைகளின் சரக்கிருப்பு எல்லாம் பின்கட்டில் ஒரு சின்ன அறையில் இருந்த இரண்டு யூனிக்ஸ் சர்வர்களில் நடந்தன. பழைய சர்வர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால், ஆடித் தள்ளுபடி தொடங்கும் முன்பே முதலாளியை நச்சரித்துப் புதிதாக இரண்டு வாங்க வைத்தவள் அவள். அவற்றில் யூனிக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியதும் அவள்தான். டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாகப் பிணைத்தாள். ஒன்று செத்தாலும் மற்றதில் எல்லாம் பத்திரமாக இருக்கும். சர்வர்களும் அப்படித்தான். ஒன்று படுத்தால் இன்னொன்று வேலையை ஏந்திக்கொள்ளும். சோதித்துப் பார்க்க, கடை நடக்கும்போதே வேண்டுமென்று ஒன்றை அணைத்தாள். பில் போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு எதுவும் தெரியவேயில்லை.

"யாருக்குமே தெரியலை!" என்று அன்றைக்குக் கணவன் லாரன்ஸிடம் பூரித்துப்போய்ச் சொன்னாள்.

"அது நல்லதா கெட்டதா?" என்று அவன் கேட்டான்.

இப்போது கோயில் வாசலில் நின்று நிர்வாக மேலாளர் சந்திரமௌலிக்குப் போன் போட்டாள். "சார், சர்வர் ரூம் ஏசி ஓடுதான்னு பாருங்க. சூடு ஏறுது."

"மெட்ராஸ்ல சூடு ஏறாம என்ன மேடம் பண்ணும்? ஆடி கடைசி ஞாயிறு, கடையில நிக்க எடமில்லை. அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டார்.

இரண்டாவது எச்சரிக்கை வந்தது. லாரன்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஈவ்லின் ஆட்டோ பிடித்தாள். லஸ் தாண்டித் தேனாம்பேட்டை சிக்னலில் ஆட்டோ நின்றபோது, இரண்டு சர்வர்களும் சூடு தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தம்மைத் தாமே அணைத்துக்கொண்டன. ஒன்று விழுந்தால் தாங்க இன்னொன்று வைத்திருந்தாள். இரண்டும் ஒரே அடுப்பில் வேகும் என்று அவள் நினைக்கவில்லை.

கடைக்குள் நுழைந்ததுமே கூச்சல். பில்லிங் கவுண்டர்களில் புடவையும் வேட்டியும் மலையாகக் குவிந்திருக்க, வரிசை மாடிப்படி வரை நீண்டிருந்தது. மாரிச்செல்வி என்ற பில்லிங் பெண்ணைப் பார்த்து ஒரு ஆள் கையை ஓங்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தான். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் சந்திரமௌலியின் குரல் வந்தது: "அன்பான வாடிக்கையாளர்களே, எங்கள் ஈவ்லின் மேடம் புதிதாகப் போட்ட சிஸ்டத்தில் கோளாறு. சற்றுப் பொறுத்துக்கொள்ளவும்."

ஈவ்லினுக்குக் காது மடல் சுட்டது. பதில் சொல்ல நிற்காமல் பின்கட்டுக்கு ஓடினாள்.

அறைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. இரண்டு ஏசிகளில் ஒன்று இருந்த இடத்தில் வெறும் சுவரும், பழந்துணி அடைத்த ஒரு ஓட்டையும்தான் இருந்தன. மற்றொரு ஏசியின் வாயை மூடிக்கொண்டு கூரை வரைக்கும் புடவை மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அவள் பெற்ற பிள்ளையைப்போல் பார்த்துப் பார்த்து நிறுத்திய சர்வர்கள் மூட்டைகளுக்கு நடுவே மூச்சில்லாமல் நின்றன.

"ஏசி எங்கே?" என்று கத்தினாள்.

பின்னாலேயே வந்த சந்திரமௌலி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவங்க உட்கார மூணாவது மாடியில மணப்பெண் கூடம் திறந்திருக்கோமில்லையா? அங்க குளிரு பத்தலை. நேத்து சாயங்காலம் நீங்க போனதும் ஒண்ணைக் கழட்டி அங்க மாட்டினோம். காலையில வந்த சரக்கையும் இங்கதான் இறக்கினோம். இங்க மனுஷங்களா உட்கார்ந்திருக்காங்க?"

ஈவ்லின் ஏசி மெக்கானிக் அமீனுக்குப் போன் போட்டாள். "மேனேஜரை, மேடத்தாண்ட சொல்லிட்டீங்களான்னு கேட்டேன்மா," என்றான் அவன். "அதெல்லாம் சொல்லியாச்சு, நீ கழட்டுன்னாரு. நான் இன்னாம்மா பண்றது?"

"அதைத் திரும்பக் கொண்டு வந்து மாட்டணும் அமீன். இப்பவே வாங்க."

அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். "இந்தாம்மா, மொதல்ல ஆன் பண்ணு. மத்ததெல்லாம் பின்னாடி பேசிக்கலாம்."

"இந்தச் சூட்டுல ஆன் பண்ணா டிஸ்க் வெந்துடும் சார். இப்ப பில்லிங்தான் நின்னிருக்கு. அப்புறம் சரக்குக் கணக்கே இருக்காது. மூட்டையை எடுங்க, ஏசியைக் கொண்டு வாங்க. அறை ஆறினதும் நானே ஆன் பண்றேன்."

முதலாளி அவளைப் பார்க்காமல் சந்திரமௌலியைப் பார்த்தார். "சர்வர் வித்த கம்பெனில ஒரு பையன் இருப்பானே, அவனைக் கேளு."

வேளச்சேரியில் இருந்த அந்தக் கம்பெனிப் பையன் ஜாஸ்பரை ஸ்பீக்கரில் பிடித்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவன், "ஐயோ, ஆன் பண்ணிடாதீங்க சார், டிஸ்க் போயிடும். அறையைக் குளிர வைங்க. அப்புறம் ஈவ்லின் மேடம் பார்த்துப்பாங்க," என்றான்.

"கேட்டீங்களா? அதான் விஷயம்!" என்றார் முதலாளி. "எடுங்கப்பா மூட்டையை."

ஈவ்லின் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் சொன்னபோது அடம். அதையே அவன் சொன்னபோது விஷயம். அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். வெளியே மாரிச்செல்வி திட்டு வாங்கிக்கொண்டிருந்தாளே என்றுதான் அடக்கிக்கொண்டாள்.

மூட்டைகள் போயின. அமீன் வந்து ஏசியை மாட்டினான். அறை ஆறியதும் ஈவ்லின் முதல் சர்வரை மட்டும் எழுப்பினாள். தகவலைப் பாதி எழுதியபடி நின்றுபோன டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். சந்திரமௌலி தோளுக்குப் பின்னால் நின்று, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் திரும்பவேயில்லை. ஒரு பில்லும் தொலையவில்லை என்று நிச்சயமான பிறகே இரண்டாவதை எழுப்பி, பில்லிங்கைத் திறந்தாள். வெளியே பிரிண்டர்கள் கிர்கிர்ரென்று ஓடத் தொடங்கின.

அப்புறம் எழுந்து நின்றாள். "சார், மைக்ல என் பேரைச் சொன்னீங்களே. அதே மைக்ல நடந்ததையும் சொல்லுங்க."

"முடிஞ்சதை எதுக்கு மேடம் கிளறுறீங்க?"

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

அவர் சிரித்தார், சும்மா சொல்கிறாள் என்று நினைத்து. அவள் விறுவிறுவென்று போய் மைக்கை எடுத்தாள்.

"வணக்கம். என் பேரு ஈவ்லின். புது சிஸ்டத்துல எந்தக் கோளாறும் இல்லை. அது இருந்த ரூம் ஏசியைக் கழட்டி மணப்பெண் கூடத்துல மாட்டிட்டாங்க, அதனாலதான் நின்னுது. கவுண்டர்ல இருக்கற பொண்ணுங்களை யாரும் திட்டாதீங்க. அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது."

கூட்டத்தில் எங்கோ ஒருவர் சிரித்தார். மாரிச்செல்வியிடம் கத்திய ஆள் பையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நகர்ந்தான்.

முதலாளி அவளையும் சந்திரமௌலியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "மைக்கைத் தொட உனக்கு யாரும்மா அனுமதி கொடுத்தது?"

"என் ஏசியைத் தொட இவருக்கு யார் சார் அனுமதி கொடுத்தது?"

முதலாளி சந்திரமௌலியைப் பார்த்தார். சந்திரமௌலி தரையைப் பார்த்தார். "சரி சரி, போய் வேலையைப் பாரு," என்று முதலாளி சொன்னதோடு முடிந்தது. அந்த அறை ஏசியில் அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை. சந்திரமௌலி அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அது அவளுக்கு வசதியாகவே இருந்தது.

மறுநாள் ஜாஸ்பர் கூப்பிட்டான். "மேடம், உங்க முதலாளி எனக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியிருக்காரு, கொண்டு வந்த ஆள் வாசல்ல நிக்கறான். கடையைக் காப்பாத்தினதுக்காம். நான் என்ன மேடம் பண்ணேன்? போன்தானே எடுத்தேன்!"

ஈவ்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. அடங்கியிருந்த கோபம் மறுபடி ஏறியது.

"ஜாஸ்பர், கொண்டு வந்த ஆள் கையிலயே அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நேரா முதலாளி டேபிள்ல வைக்கச் சொல்லுங்க. 'சர்வரை மறுபடி ஓட வச்சது நான் இல்லை, மேடம்தான்'னு நீங்க சொன்னதா சொல்லச் சொல்லுங்க."

"அவர் தப்பா நினைச்சுக்க மாட்டாரே?"

"நினைச்சுக்கட்டும்," என்றாள் ஈவ்லின்.