மார்கழி கழியட்டும்

கார்த்திகைக் கடைசி நாள் தங்கை அமராவதியின் வீட்டிலிருந்து அன்னவாசலுக்கு வண்டியேறும்போது அழகுமலை வாக்குக் கொடுத்தார்.

"மார்கழி கழியட்டும் ஆத்தா. தை பொறந்ததும் பரிசம் போட்டுருவோம். அதுவரைக்கும் வாயைத் தொறக்காத. பீடை மாசத்துல நல்ல பேச்சு ஆகாது."

அவர் மகன் நாகராசு ஓவர்சியர். அமராவதியின் மகள் சொர்ணவல்லிக்கு முறைமாப்பிள்ளை. பெண் பிறந்த அன்றே தொட்டிலைப் பிடித்துக்கொண்டு இவள் என் மருமகள் என்று சொன்னவரும் இதே அழகுமலைதான். அதை நம்பித்தான், ஐப்பசியில் பெண் கேட்டு வந்த இலுப்பூர் பஸ் கண்டக்டர் ரெங்கசாமி வீட்டாரை அமராவதி மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். புருஷன் இல்லாத வீட்டுக்கு இன்னொரு தரம் இப்படி ஒரு இடம் வருமா என்று ஊர் கேட்டது. அண்ணன் இருக்கும்போது ஊர்ப் பேச்சு எதற்கு என்று இருந்துவிட்டாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பனி கொஞ்சநஞ்சமல்ல. பொழுது ஏறியும் கண்மாய்க்கரை கண்ணுக்குத் தெரியாது. விறைத்த விரலோடு கோலம் போட்ட சொர்ணவல்லி, நடுவில் பூசணிப்பூ வைக்கப் போனாள். தாய் தடுத்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது என்று தெருவுக்குச் சொல்கிற பூ அது. பேசி வைத்த பெண்ணுக்கு எதற்கு?

குளிர்காலம் வெறுங்காலம் என்று அமராவதி ஒருநாளும் நினைத்ததில்லை. சம்பாக் கதிர் பால் பிடிப்பது அந்தப் பனியில்தான், சத்தமில்லாமல் பிடிக்கும். மனுஷருக்கும் வாயைக் கட்டிக்கொண்டு நம்பியிருக்க ஒரு மாதம் வேண்டும் என்று நினைத்தாள். பாவி மகள், நன்றாகத்தான் நினைத்தாள்.

போகியன்று அழகுமலை பொங்கல் சீரோடு வந்தார். வழக்கத்துக்கு இரட்டிப்பு: பச்சரிசி, மண்டைவெல்லம், கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, சொர்ணவல்லிக்கு ஒரு பட்டு. பட்டைப் பார்த்ததும் அமராவதிக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பியைக் குடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே அவர் விஷயத்தைச் சொன்னார். நாகராசுக்கு விராலிமலைப் பக்கம் ரைஸ்மில்காரர் வீட்டில் முடிவாகிவிட்டதாம். தைக் கடைசியில் முகூர்த்தமாம். அமராவதி பத்து நாள் முன்னாலேயே வந்து அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லிவைத்தவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை போலிருக்கிறது.

எப்போது பேசி முடித்தது என்று மட்டும் கேட்டாள். அழகுமலை காலி டம்ளரைத் தள்ளி வைத்தார். வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரன் பிச்சை, இந்த மாதம் முழுக்க விராலிமலைக்கு வண்டி கட்டியே மாடு இளைத்துப்போனது என்று வெள்ளந்தியாகச் சலித்துக்கொண்டான்.

"அந்த எடம் தட்டிப்போனா சொர்ணவல்லி இருக்காள்லன்னுதான் ஒன்னையக் காத்திருக்கச் சொன்னேன். தப்பா நெனைக்காத தாயி."

இதை ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார் மனிதர். நட்ட பயிர் பட்டுப்போனால் ஆகும் என்று வரப்போரம் போட்டுவைத்த நாற்றுமுடியாக இருந்திருக்கிறாள் அவள் பெற்ற பெண். கண்டக்டர் ரெங்கசாமிக்குக் கார்த்திகையிலேயே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது.

அமராவதி அழவில்லை. புருஷனைப் பறிகொடுத்த பிறகும் பிறந்த வீட்டுச் சீரை ஒரு வருஷம்கூடத் தட்டாதவள், எல்லாவற்றையும் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னாள். சீரைத் திருப்பினால் பிறந்த வீடு அற்றுப்போகும். அது இரண்டு பேருக்கும் தெரியும். அழகுமலை பதறிப்போய், மார்கழி இன்னும் கழியவில்லை, பீடை நாளில் இப்படிச் செய்யலாமா என்றார்.

"மார்கழி எனக்கு மட்டுந்தானாண்ணே?"

பிச்சை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினான். சொர்ணவல்லி உள்ளேயிருந்து வந்தாள். மிச்சமிருந்த மஞ்சள் கொத்தை எடுத்துக்கொண்டுபோய் அவளே வண்டியில் வைத்தாள்.