ஒரே கேபிளின் இரண்டு முனைகள்

வரைபடக்காரருக்கு அந்தச் சின்ன இரும்புப் பெட்டியின் மேல் அப்படியொரு பிரியம். வீட்டுக் கணினிகளையெல்லாம் கேபிளால் இணைக்கிற, எட்டுத் துளைகள் உள்ள கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச். வீட்டின் கீழறையில் உட்கார்ந்து கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற மனிதர். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படம் போய்ச் சேர்வதற்குள் தூக்கமே வந்துவிடுகிறது என்று புலம்பிப் புலம்பிக் கடைசியில் வாங்கினார். வாங்கிய நாள் முதல், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம். தினமும் துடைப்பார். "என்னையும் ஒரு நாளாவது இப்படிக் கவனிச்சா தேவலை" என்று மனைவி சொல்லிவிட்டுப் போவாள்.

அன்றைக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்தினார். மாடியறையில் இருக்கும் மைத்துனனுக்குக் காணொளியில் நேர்காணல். பழைய கம்பெனி கையை விரித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட இல்லாமல் கிடந்தவன். இப்போது வந்திருப்பதோ அவன் படித்த படிப்புக்கே உரிய வேலை, அலுவலகங்களில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது. வைஃபையை நம்ப முடியாது என்று கேபிள் இழுக்க வந்தான். முதலில் செருகிய கேபிள் மாடி வரை எட்டவில்லை. அதன் ஒரு முனையை ஸ்விட்சிலேயே விட்டுவிட்டு மறுமுனையைத் தரையில் போட்டான். நீளமான வேறொன்றைச் செருகி எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான்.

தரையில் கிடந்த முனை வரைபடக்காரரின் கண்ணை உறுத்தியது. கோடு பாதியில் நின்றால் சேர்த்து முடிக்கிற கை அது, சும்மா இருக்குமா? எங்கிருந்தோ கழன்று விழுந்திருக்கிறது என்று நினைத்து, அதை எடுத்துக் காலித் துளை ஒன்றில் செருகினார். உடனே பெட்டியிலிருந்த குட்டி விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் படபடவென்று மின்னத் தொடங்கின. ஆகா, என்ன வேகம் என்று பூரித்துப்போய் நின்றார்.

மாடியில் மைத்துனன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் திரையில் இருந்த முகங்கள் உறைந்துவிட்டன.

"அத்தான், நெட் போச்சு! என்னன்னு பாருங்க!" என்று படியில் நின்று கத்திவிட்டு, போன் வழியாகவாவது நேர்காணலுக்குள் நுழையலாம் என்று திரும்பி ஓடினான்.

வரைபடக்காரர் தாம் செருகிய கேபிளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். விரல் சுற்றி வளைத்து அதே பெட்டிக்கு வந்து நின்றது. இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் இருந்தால், போகிற செய்தி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி மொத்த வீட்டையும் அடைத்துவிடும். கற்றுக்குட்டி செய்கிற தவறு. சட்டென்று பிடுங்கினார். விளக்குகள் அடங்கின.

மைத்துனன் தொங்கிப்போன முகத்தோடு இறங்கி வந்தான். அதற்குள் அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

"ஒரே கேபிளோட ரெண்டு முனையும் இதுலயே இருந்துச்சுப்பா" என்றார் வரைபடக்காரர். இருந்துச்சு என்றுதான் சொன்னார். செருகினேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அவசரத்துல நான்தான் செருகிட்டேன் போல. தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. மன்னிச்சிடுங்க அத்தான்."

"நல்லவேளை, இவராவது கண்டுபிடிச்சாரு" என்று மனைவி டீயை நீட்டினாள். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சாப்பிட்டார். கை கழுவியதும் சொல்லலாம் என்றிருந்தார். கழுவிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. கம்பெனியிலிருந்துதான். அக்காவும் கேட்கட்டும் என்று மைத்துனன் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன ஆச்சு, திடீர்னு காணாமப் போயிட்டீங்க?" என்றது ஒரு பெண்குரல்.

வரைபடக்காரர் வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார். மனைவி உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றாள். மூடிக்கொண்டார். அந்த விரல் தமக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"வீட்டு ஸ்விட்சுல லூப் ஆயிடுச்சு மேடம். என் தப்புதான். ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் நானே செருகிட்டேன்."

அந்தப் பக்கத்துக் குரல் இறங்கிப்போயிற்று. "நீங்களேவா? சரி... பாத்துட்டுச் சொல்றோம்."

போன் அடங்கியதும் மனைவி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கரண்டு போச்சுன்னு சொல்லித் தொலைச்சா என்னடா?"

"பொய் சொல்லியா வேலைல சேரணும்?" என்றான் அவன்.

வரைபடக்காரருக்கு உடம்பு கூசியது. இனியும் தாங்காது. "நீ செருகலப்பா. தரையில கிடந்துச்சு, நான்தான் எடுத்துச் செருகினேன். கூப்பிடு, நானே அவங்ககிட்ட பேசறேன்."

மைத்துனன் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கையிலிருந்த போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"இப்பக் கூப்பிட்டு, நான் இல்ல, எங்க அத்தான்தான்னா, நம்புவாங்களா? அவங்க இடத்துல நீங்க இருந்தா நம்புவீங்களா அத்தான்?"

நம்பமாட்டார். அதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.